தண்ணீரைப் பார்த்து நாள் குறியுங்கள்: பிரேசில் பயணம் பற்றி ஓர் உரை



பிரேசிலின் மாத்து குரோசு மாநிலத்தில் போக்கோனே என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் விளிம்பில் தொடங்கும் மண்சாலை தெற்கே ஏறத்தாழ 145 கிலோமீட்டர் ஓடி, குயாபா ஆற்றங்கரையில் போர்ட்டோ ஜோஃப்ரே என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. டிரான்ஸ்பாந்தனேரா என்பது அந்தச் சாலையின் பெயர். 1970-களில் போடத் தொடங்கியபோது, சதுப்புநிலத்தை முழுக்கக் கடந்து கொரும்பா நகரம் வரை கொண்டுபோவதாகத் திட்டம். ஆறு குறுக்கிட்டது, சாலை அங்கேயே முடிந்தது. இந்தத் தூரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். ஆகஸ்டில் அந்த வழியே போகிறவர் பாலத்துக்குப் பாலம் வண்டியை நிறுத்துவார். வற்றிய குட்டைகளில் கெய்மன் முதலைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். ஓரத்தில் ஜபிரு நாரைகள் மீன் கொத்தும். கேபிபாராக்கள் குட்டிகளோடு சாலையைக் கடக்கும். பிப்ரவரியில் அதே சாலைக்குப் போனால் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். விலங்குகள் எங்கும் ஓடிவிடவில்லை. நீரும் இரையும் எல்லா இடத்திலும் கிடைப்பதால் அவை சிதறிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

விமானக் கட்டணமும் விடுதியும் ஒன்றாகவே இருக்கலாம். ஆறு மாதம் தள்ளிப் போனதால் கண்ணில் படும் நாடு மாறிவிடுகிறது. பிரேசிலுக்குப் போகத் திட்டமிடுகிறவர் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால், எந்த மாதத்தில் எந்த ஆறு ஏறும், எது இறங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டுக்கும் இது பொருந்தும், நகரத்துக்கும் பொருந்தும் என்பதுதான் இந்த உரையின் வாதம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேசிலின் பரப்பு 85 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். சாவோ பாவ்லோவிலிருந்து அமேசான் நடுவே இருக்கும் மனாவுஸ் நகரத்துக்கு விமானத்திலேயே நான்கு மணி நேரம் ஆகிறது. பெரும்பாலானோர் முதலில் எழுதும் பட்டியலில் ரியோ, இகுவாசு அருவி, அமேசான், பாந்தனால், சல்வதோர் எல்லாம் இருக்கும், நாளோ பத்து. அப்படிப் போனால் விமான நிலையங்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். மூன்று வாரம் கையில் இருந்தால் இரண்டு காடு, இரண்டு நகரம் போதும். இரண்டு வாரம் என்றால் ஒரு காட்டைக் கைவிடுவது நல்லது. காட்டில் நாள் குறைந்தால் விலங்கு கண்ணில் படாது. படகோட்டியும் வழிகாட்டியும் பயணியின் கண்ணைப் பழக்கி எடுக்கவே ஓரிரு நாள் பிடிக்கும்.

முதலில் பாந்தனால். பிரேசிலில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து, பொலிவியா, பராகுவே எல்லைகளுக்குள்ளும் நீளும் வெப்பமண்டலச் சதுப்புநிலம் இது. அளவில் உலகிலேயே பெரியது. அக்டோபர், நவம்பரில் மழை தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை பெய்கிறது. நிலமோ ஏறக்குறையச் சமதளம். ஒரு கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் சரிவு. அதனால் வடக்கில் பெய்த மழைநீர் தெற்கே போய்ச் சேரப் பல மாதம் ஆகிறது. வடக்கே குயாபா பக்கம் வெள்ளம் வடியத் தொடங்கியபிறகும், தெற்கே கொரும்பா அருகில் பராகுவே ஆறு ஏறிக்கொண்டிருக்கும். ஒரே சதுப்புநிலத்தில் வடபகுதிக்குக் குறித்த நாள் தென்பகுதிக்குப் பொருந்தாது என்பதைப் பயண முகவர்கள் பலர் சொல்வதில்லை.

ஜூன் முதல் அக்டோபர் வரை, ஆற்றின் மட்டம் இறங்கிக் கரைகள் வெளியே தெரியும் காலம். போர்ட்டோ ஜோஃப்ரே ஜாகுவாருக்குப் பேர்போனது அப்போதுதான். பாந்தனால் ஜாகுவார்கள் அந்த இனத்திலேயே பெரியவை. ஆண் விலங்கு நூறு கிலோவைத் தாண்டும். மற்றப் பெரும்பூனைகள் இரையின் கழுத்தைக் கவ்வும். ஜாகுவார் மண்டையோட்டையே கடித்துத் துளைக்கும். கரையில் வெயில் காயும் கெய்மன் முதலையைத் தேடி அது ஆற்றோரம் நடக்கிறது, நீந்துகிறது, முதலையைப் பிடித்துக் கரைமேல் இழுத்துப் போகிறது. பயணிகள் படகிலிருந்தபடி அதைப் பார்க்கிறார்கள். ஒரு படகோட்டி கண்டதை வானொலியில் மற்றவர்களுக்குச் சொல்வார். சற்று நேரத்தில் பத்துப் பதினைந்து படகுகள் சூழ்ந்துவிடும். கூட்டம் பிடிக்காதவர், காலை முதல் படகில் கிளம்பி ஒதுக்குப்புறமான கிளை ஆறுகளில் தேடச் சொல்லலாம். அங்கே பெரிய நீர்நாய்களின் குடும்பத்தை நிம்மதியாகப் பார்க்க முடியும். ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும் அந்த விலங்குகள் ஓயாமல் கத்திக்கொண்டே மீன் தின்பவை.

பாந்தனாலின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தனியார் மாட்டுப் பண்ணைகள். ஜாகுவார் கன்றுகளைக் கொல்லும்; பண்ணைக்காரர்கள் ஜாகுவாரைச் சுட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இதுதான் நடந்தது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு போர்ட்டோ ஜோஃப்ரே பகுதியின் கணக்கைப் போட்டுக் காட்டியது. ஜாகுவார் பார்க்க வருகிறவர்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 68 லட்சம் டாலர் வருமானம். அதே பகுதியில் ஜாகுவார்களால் ஏற்படக்கூடிய மாட்டு இழப்போ சுமார் 1.2 லட்சம் டாலர். தெற்கே மிராண்டா பக்கத்தில், கார்ப்பந்தய வீரராக இருந்த மாரியோ ஹாபர்ஃபெல்ட் 2011-இல் தொடங்கிய ஒன்சாஃபாரி அமைப்பு, ஜாகுவார்களை வாகனங்களுக்குப் பழக்கி, பண்ணை நிலத்திலேயே பார்க்க வழி செய்தது. ஆகவே விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல்குளம் இருக்கிறதா என்பதைவிட, அந்தப் பண்ணை தன் நிலத்தில் ஜாகுவாரை வாழவிடுகிறதா என்று கேட்பது முக்கியம். பயணியின் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

ஹயசிந்த் மக்காவ் என்ற நீலப் பெருங்கிளியின் கதையும் இங்கேயே நடக்கிறது. அலகு முதல் வால் நுனி வரை ஒரு மீட்டர். பறக்கும் கிளிகளில் மிக நீளமானது. பாந்தனாலில் அது கூடு வைப்பதற்குப் பெரும்பாலும் மண்டுவி என்ற ஒரே மரத்தின் பொந்தைத்தான் தேடுகிறது. மண்டுவியில் போதுமான பொந்து உண்டாக அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்த மரத்தின் விதையைப் பரப்புவது டூக்கான் பறவை. அதே டூக்கான்தான் மக்காவின் முட்டையையும் திருடித் தின்கிறது. கூண்டுக்கிளி வியாபாரமும் காட்டை அழித்ததும் சேர்ந்து 1980-களின் இறுதியில் பாந்தனாலில் சுமார் 1,500 கிளிகளே எஞ்சின என்று மதிப்பிட்டார்கள். உயிரியலாளர் நெய்வா கெதஸ் 1990 முதல் மரம் மரமாக ஏறிப் பொந்துகளைக் கணக்கெடுத்தார். செயற்கைக் கூடுகளைப் பொருத்தினார். கிளி பிடிப்பவர்களுக்கு இடம் தராதபடி பண்ணைக்காரர்களைப் பேசி மனம் மாற்றினார். எண்ணிக்கை சில ஆயிரங்களாக உயர்ந்தது. இன்று பண்ணை முற்றத்துப் பனைகளில் காலையில் இணை இணையாக வந்து உட்கார்ந்து, சுத்தியலால் உடைக்க வேண்டிய கொட்டைகளை அலகால் உடைக்கும் கிளிகளைப் பார்க்க முடிகிறதென்றால், அந்தப் பெண்ணின் உழைப்பு அதற்கு முதல் காரணம்.

2020-இல் பாந்தனால் எரிந்தது. மழை பொய்த்து, வெள்ளம் வராமல், நிலம் காய்ந்திருந்த ஆண்டு. நான்கில் ஒரு பங்குக்கும் மேல் தீயில் போனது. சுமார் 1 கோடியே 70 லட்சம் முதுகெலும்புள்ள விலங்குகள் நேரடியாகத் தீயில் மாண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2024-இலும் பெருந்தீ. வறண்ட காலம் விலங்கு பார்க்க நல்லது என்று சொல்லும் அதே வாயால், வறட்சி எல்லை மீறும் ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் புகைக்காலமாகிவிடுகின்றன என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜூலையையும் ஆகஸ்டின் முதல் பாதியையும் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. அப்போது தெற்கிலிருந்து குளிர்காற்று திடீரென ஏறிவரும். வெப்பநிலை ஓரிரவில் பத்து டிகிரிக்கு இறங்கும். வெப்பமண்டலம்தானே என்று கம்பளிச் சட்டை இல்லாமல் போனவர்கள் விடியற்காலைப் படகில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

இனி அமேசான். அங்கே கணக்கு வேறு. மனாவுஸ் துறைமுகத்தில் நெக்ரோ ஆற்றின் மட்டத்தை 1902 முதல் அளந்து எழுதி வருகிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் ஆறு உச்சத்துக்கு ஏறி, அக்டோபர், நவம்பரில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே பத்து மீட்டருக்கும் மேல், அதாவது மூன்று மாடி உயரம். அதனால்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அங்கே மிதக்கும் துறையைக் கட்டினார்கள். ஆற்றோடு அதுவும் ஏறி இறங்குகிறது. 2021-இல் மட்டம் 30 மீட்டரைத் தொட்டது. 2023 அக்டோபரில் 12.70 மீட்டர்; அதுவரை அளந்ததிலேயே மிகக் குறைவு. அடுத்த ஆண்டே அந்த அளவையும் தாண்டிக் கீழே போனது. நூற்றிருபது ஆண்டுப் பதிவேட்டில் மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நான்கே ஆண்டுகளுக்குள் வந்துவிட்டன.

ஜூன், ஜூலையில் போகிறவர் காட்டுக்குள் நடக்க முடியாது. படகில் போக வேண்டும். மரங்களின் உச்சிக்கிளைகள் தலைக்கு நேரே இருக்கும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் புள்ளியாகத் தெரியும் குரங்குகளும் தேவாங்கைப்போல் மெல்ல நகரும் ஸ்லாத்துகளும் கண்ணுக்கு நேரே வரும். இளஞ்சிவப்பு நிற ஆற்று ஓங்கில்கள் மரத்தண்டுகளுக்கு நடுவே நீந்தி மீன் தேடும். அக்டோபரிலோ வெண்மணல் திட்டுகள் வெளியே வரும். காட்டுக்குள் நடைபாதை திறக்கும். வற்றிய ஏரிகளில் மீன் குவிவதால் பறவைகளும் குவியும். இரண்டும் நல்லவைதான். ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல் போனால் இரண்டுமே ஏமாற்றம்.

மனாவுஸுக்குக் கீழே கருநிற நெக்ரோவும் காவிநிற சொலிமோயிஸும் கலக்காமல் ஆறு கிலோமீட்டர் பக்கம் பக்கமாக ஓடும் காட்சியைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள், போக வேண்டியதுதான். சொலிமோயிஸ் ஆண்டிஸ் மலையின் வண்டலைச் சுமந்து வருகிறது. நெக்ரோவில் ஓடுவது இலைச்சாறு ஊறிய, அமிலத்தன்மையுள்ள நீர். வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறுபடுவதால் அவை எளிதில் கலப்பதில்லை. இதில் பயணிக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கருநீரின் அமிலத்தில் கொசு பெருகுவது குறைவு. குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் நெக்ரோ கரையில் விடுதி தேடலாம். நோவோ ஐராவோ ஊருக்கு எதிரே அனவில்யானஸ் என்ற தீவுக்கூட்டம், சுமார் நானூறு தீவுகள். கொசு குறைந்த இடத்தில் மீனும் விலங்கும் வண்டல் ஆற்றங்கரையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

விலங்குதான் வேண்டும் என்பவர் இன்னும் மேற்கே தெஃபே நகரத்துக்குப் பறந்து, அங்கிருந்து படகில் மாமிராவா காப்பகத்துக்குப் போகலாம். வெள்ளை உகாரி என்ற செம்முகக் குரங்கை ஆராய்ந்த மார்சியோ ஐரஸ் போராடி உருவாக்கிய இடம் அது. ஆற்றோர மக்களை வெளியேற்றாமல் அவர்களையே காவலர்களாக ஆக்கியதுதான் அதன் சிறப்பு. பிராருக்கு என்பது இரண்டு, மூன்று மீட்டர் நீளம் வளரும் மீன். மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு மேலே வரும். மேலே வரும் மீன்களைக் கண்ணால் எண்ணியே ஏரியில் எத்தனை இருக்கின்றன என்று மீனவர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கை வைத்தே எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவாகிறது. 1999 முதல் இந்த முறை நடக்கிறது. அழிந்துகொண்டிருந்த மீன் திரும்பிவந்தது. வெள்ளக் காலத்தில் காடு முழுக்க நீருக்குள் போய்விட, அங்குள்ள ஜாகுவார்கள் மாதக்கணக்கில் மரக்கிளைகளிலேயே வாழ்ந்து, அங்கேயே குட்டிகளை வளர்க்கின்றன. உலகில் வேறெந்தப் பெரும்பூனையும் இப்படி வாழ்வதாகப் பதிவில்லை. அதே தெஃபே ஏரியில்தான் 2023 வறட்சியின்போது நீரின் வெப்பம் நாற்பது டிகிரியை நெருங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் செத்து மிதந்தன.

மனாவுஸ் நகரத்தில் பயணிகள் நிற்கும் இடம் 1896-இல் திறந்த அமேசான் நாடக அரங்கம். இத்தாலியப் பளிங்கும் ஐரோப்பிய இரும்பும் கடல் கடந்து, ஆற்றில் ஏறி வந்து சேர்ந்த கட்டடம். அத்தனை பணமும் ரப்பர் பாலில் வந்தது. அந்தச் செல்வத்தின் முடிவில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறியது. ஹெனரத்கொடை தோட்டத்தில் வளர்ந்தது. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலாயா எங்கும் ரப்பர் பரவியது. அமேசானில் காட்டு மரம் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். மலாயாவில் மரங்கள் வரிசையாக நின்றன. கங்காணிகள் திருச்சி, சேலம், தஞ்சை மாவட்டங்களிலிருந்து அழைத்துப்போன தமிழர்கள் விடியுமுன் எழுந்து பால் வெட்டினார்கள். 1913-க்குள் ஆசியத் தோட்ட ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரை முந்தியது, மனாவுஸ் சரிந்தது. அந்த அரங்கத்தின் வண்ணக் குவிமாடத்தைப் பார்க்கும் தமிழர், அது எழும்பக் காரணமான அமேசான் பழங்குடியினரின் அடிமை உழைப்பையும், அது அடங்கக் காரணமான நம் முன்னோர்களின் உழைப்பையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் லாபம் பார்த்தவர்கள் வேறு.

நகரங்களில் ரியோவைப் பற்றி விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அங்கேயும் தண்ணீர்தான் கதை. கொர்கொவாதோ குன்றின் மேல் 1931-இல் எழுப்பிய இயேசு சிலையைப் பார்க்கப் பல்சக்கர ரயிலில் ஏறுகிறவர்கள் அடர்ந்த காட்டின் வழியே போகிறார்கள். பலருக்கு அது கன்னிக்காடு என்று எண்ணம். உண்மையில் அது மனிதர் நட்ட காடு. காபித் தோட்டங்களுக்காகவும் கரிக்காகவும் அந்தக் குன்றுகளை மொட்டையடித்தார்கள், ஊற்றுகள் வற்றின, நகரம் குடிநீருக்குத் தவித்தது. பேரரசர் இரண்டாம் பெத்ரு தோட்டங்களை மீட்டு, 1861-இல் மேஜர் மனுவெல் ஆர்ச்சரிடம் குன்றை ஒப்படைத்தார். ஆர்ச்சரிடம் இருந்தவர்கள் ஆறு அடிமைகள். அவர்களில் மரியா என்ற பெண்ணும் ஒருவர். பதின்மூன்று ஆண்டுகள் அவர்கள் உள்ளூர் மரக்கன்றுகளைப் பல்லாயிரக்கணக்கில் நட்டார்கள். தீஜுகா காடு அப்படி எழுந்தது; 1961-இல் தேசியப் பூங்கா ஆனது.

மரம் வந்தாலும் விலங்கு திரும்பவில்லை. விதையைப் புதைத்து வைத்து மறந்துபோகும் அகூட்டி என்ற கொறிவிலங்கு இல்லாததால் பெருங்கொட்டை மரங்கள் முளைக்காமல் போயின. 2010 முதல் அகூட்டிகளையும் 2015-இல் ஊளைக்குரங்குகளையும் ஆராய்ச்சியாளர்கள் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். ரியோவில் மூன்று நாள் இருப்பவர் ஒரு முழுக் காலையைக் கடற்கரையிலிருந்து பிடுங்கி இந்தக் காட்டுக்குத் தரவேண்டும்.

சாவோ பாவ்லோவை விமானம் மாறும் ஊராக மட்டும் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் தங்கலாம். 1901-இல் தொடங்கிய புட்டன்டன் நிறுவனத்தில் பாம்புக்காட்சி இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் வித்தால் பிரேசில், நாகப்பாம்பின் நஞ்சிலிருந்து ஐரோப்பாவில் செய்த மருந்து தென்னமெரிக்கப் பாம்புகளின் கடிக்குப் பயன்படாது என்று காட்டினார். எந்தப் பாம்போ அதற்கேற்ற மாற்றுமருந்துதான் வேண்டும் என்ற கொள்கை அதிலிருந்து நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமையில் பாவ்லிஸ்தா பெருஞ்சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்கள் நடக்கிறார்கள். கட்டடக்கலைஞர் லீனா போ பார்தி வடிவமைத்த, எழுபது மீட்டருக்கு மேல் தூணில்லாமல் தொங்கும் கலைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. பிரசீலியா, கட்டடக்கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும். மே முதல் செப்டம்பர் வரை அங்கே உதடு வெடிக்கும் அளவுக்கு வறட்சி.

சல்வதோரை ஆகஸ்டுப் பயணத்தில் சேர்க்க நல்ல காரணம் ஒன்று உண்டு. 1549 முதல் 1763 வரை தலைநகராக இருந்த இந்தத் துறைமுகத்துக்கு வடக்கே, பிராயா தோ ஃபோர்ட்டே கடலோரத்தில் ஜூலை முதல் அக்டோபர் வரை கூனல் திமிங்கிலங்கள் குட்டி போட வருகின்றன. 1987-இல் பிரேசில் திமிங்கில வேட்டையைத் தடை செய்தது. இப்போது அந்தக் கடலில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூனல் திமிங்கிலங்கள். ஊருக்குள் வெள்ளை உடை அணிந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தெருவோரத்தில் அக்கராஜே சுடுகிறார்கள். ஊறவைத்துத் தோல் நீக்கிய காராமணியை அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரித்தது. நம் வடைக்குச் சொந்தம். உள்ளே இறால் வைப்பார்கள். சைவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சைவ உணவு பற்றிய கவலை நம்மவர்களுக்கு உண்டு. பிரேசிலின் அன்றாடச் சாப்பாடு சோறும் பீன்ஸும்தான். பீன்ஸில் பன்றியிறைச்சித் துண்டு போட்டிருக்கலாம் என்பதால் கேட்டுச் சாப்பிட வேண்டும். எந்த ஊரிலும் எடைக்கு விற்கும் உணவகங்கள் உண்டு. தட்டில் வேண்டியதை எடுத்து வைத்து, தராசில் நிறுத்துப் பணம் கொடுக்கலாம். மொழி தெரியாதவருக்கு இதைவிட எளிய வழி இல்லை. காலையில் மரவள்ளி மாவில் செய்த சீஸ் ரொட்டியும் மரவள்ளித் தோசையும் கிடைக்கும். ஆங்கிலம் பெரிதும் உதவாது. போர்த்துக்கீசியத்தில் இருபது சொற்கள் பழகிக்கொண்டால் முகங்கள் மலரும். பணத்தாளிலும் விலங்குகளை அச்சிடும் நாடு அது: ஐம்பது ரியாலில் ஜாகுவார், பத்தில் மக்காவ், இருநூறில் செந்நிற நெடுங்கால் ஓநாய், இருபதில் பொன்சிங்கக் குரங்கு.

இருபது ரியால் தாளில் இருக்கும் அந்தக் குரங்கைப் பார்க்க ரியோவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். அட்லாண்டிக் காட்டில் இப்போது எட்டில் ஒரு பங்கே மிச்சம். அந்தக் காட்டின் சில துண்டுகளில் மட்டும் வாழும் பொன்சிங்கக் குரங்குகள் 1970-களில் சுமார் இருநூறுதான் இருந்தன. 1974-இல் போசோ தாஸ் அந்தாஸ் காப்பகம் அமைந்தது. 1984 முதல் உலகெங்கும் உயிர்க்காட்சிச் சாலைகளில் பிறந்த குரங்குகளைக் காட்டுக்குத் திருப்பினார்கள். காட்டுத் துண்டுகளை இணைக்க, நெடுஞ்சாலைக்கு மேலே மரங்கள் நட்ட பாலம் ஒன்று 2020-இல் முடிந்தது. இடையில் 2017, 2018-இல் மஞ்சள் காய்ச்சல் பரவி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குரங்குகள் மடிந்தன. அறிவியலாளர்கள் காட்டுக் குரங்குகளைப் பிடித்து அவற்றுக்கே தடுப்பூசி போட்டார்கள். 2023 கணக்கெடுப்பில் சுமார் 4,800 குரங்குகள்.

அதே மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணியும் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் பிரேசிலிலிருந்து திரும்புகிறவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இந்திய விதி இடம் தருகிறது. சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். அமேசானுக்குப் போகிறவர்கள் மலேரியாவைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.

நாளைக் குறிப்பதில்தான் நமக்குச் சிக்கல். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அப்போது பாந்தனால் இன்னும் வடிந்து முடிந்திருக்காது. அமேசானோ நிறைந்து நிற்கும். ஆகவே குழந்தைகளோடு மே மாதத்தில் போகிறவர்கள் ஜாகுவாரை விட்டுவிட்டு நெக்ரோ ஆற்றையும் ரியோவையும் தேர்ந்தெடுப்பது மேல். டிசம்பர் கடைசியில் ரியோவில் வெயிலும் மழையும் கூட்டமும், விலையும் உச்சம். பள்ளிக் கட்டாயம் இல்லாதவர்களுக்கு ஜூலைக் கடைசியும் ஆகஸ்ட் முதல் பாதியும் சரியான இடைவெளி. அமேசான் இறங்கத் தொடங்கியிருந்தாலும் காட்டுக்குள் படகு போகும். பாந்தனாலில் கரை வெளியே வந்திருக்கும். ரியோவில் மிதமான குளிர்காலம். சல்வதோர் பக்கத்துக் கடலில் திமிங்கிலம். மனாவுஸில் ஐந்து நாள், குயாபா நகர் வழியே பாந்தனாலில் ஆறு நாள், ரியோவில் ஐந்து, சல்வதோரிலோ சாவோ பாவ்லோவிலோ மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். இகுவாசு அருவி இதில் இல்லை. இருநூற்றெழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளாகக் கொட்டும் அருவி அது, பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் அதற்காகப் பாந்தனாலில் இரண்டு நாளைக் குறைப்பது சரியல்ல. போர்ட்டோ ஜோஃப்ரேயில் விடுதிகள் சிலவே. ஆகஸ்டு அறைகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். விசாவுக்கும் முன்னால் அந்த விடுதிக்குத்தான் எழுத வேண்டும்.